அந்த 677 வாக்கு

தோழர்களே,

இன்று வெள்ளிக்கிழமை, 1970 அக்டோபர் 30. வரும் செவ்வாய், நவம்பர் 3 அன்று, அலபாமாவில் நம் லவுண்ட்ஸ் கவுண்டி தன் ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்கிறது. கையில் இருப்பது சனி, ஞாயிறு, திங்கள். மூன்றே நாள். கூட்டம் போட்டுப் பேச நேரமில்லை, அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டில் கொடுங்கள். எழுத்துத் தெரியாதவர் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். பிறகு வண்டியை எடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 1966 நவம்பர் 8 அன்று ஷெரிஃப் பதவிக்கு நின்ற நம் சிட்னி லோகனுக்கு 1,643 வாக்கு. அந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஃபிராங்க் ரையல்ஸுக்கு 2,320. இடைவெளி 677. இந்தக் கவுண்டியில் ஐந்து பேரில் நான்கு பேர் கறுப்பர். வாக்களிக்கும் வயதுள்ள வெள்ளையர் ஏறக்குறைய 1,900 பேர்தான். ஒருவர் விடாமல் அத்தனை பேரும் வந்து போட்டிருந்தாலும் 2,320 எப்படி வரும்? பட்டியலில் வெள்ளையர் பெயர்கள் நூற்றுக்கு நூறைத் தாண்டி நிற்பது ஊருக்கே தெரியும். அதை ஒரு பக்கம் வையுங்கள். மிச்சம் நம் கையிலிருந்து போனது. நம்மில் 339 பேர் அன்று மாற்றிப் போட்டிருந்தால் இன்று நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்காது.

போன வாரம் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். பெயர் சொல்ல மாட்டேன். அவர் இன்னும் அதே பண்ணை நிலத்தில்தான் குடியிருக்கிறார். மண்ணெண்ணெய் விளக்கு. குளிர்காற்று புகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. மேசைமேல் மாதிரி வாக்குச்சீட்டை விரித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சீட்டில் அழுக்குப் படக் கூடாதாம். ஒவ்வொரு சின்னமாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். வெள்ளையரின் ஜனநாயகக் கட்சிச் சேவல் மேல் வந்ததும் விரல் நின்றது.

"போன தடவை இதுக்குத்தான் போட்டேன், மகளே."

விடியற்காலையில் பண்ணைக்காரரின் லாரி வாசலில் நின்றதாம். பின்னால் பதினான்கு பேர் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்களாம். சாவடி வாசலில் இறக்கிவிட்டார்கள். யாருக்குப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. "வீடு அவருது, கழுதை அவருது, விதை அவருது. என் கை மட்டும் என்னுதா?" என்று கேட்டார்.

தோழர்களே, இந்த மனிதரைத் துரோகி என்று நினைக்கிறவர் நம்மில் யாராவது இருந்தால், தயவுசெய்து நாளைக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகாதீர்கள். வேறு வேலை தருகிறேன். காருக்குப் பெட்ரோல் போடுங்கள், கோழி வறுங்கள். கதவைத் தட்டப் போகிறவருக்கு லாரியில் போனவர்கள் மீது கோபம் இருக்கக் கூடாது. பயந்த மனிதனுக்குப் பயம் ஏன் வந்தது என்று தெரிந்தவர்தான் அவன் அடுக்களையில் உட்கார்ந்து பேச முடியும்.

எனக்குத் தெரியும். நான் கூடாரத்தில் கிடந்தவள். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய குற்றத்துக்காக நாங்கள் வாரத்துக்கு உழுத நிலத்தின் சொந்தக்காரர், டிசம்பர் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். 1965-இன் கடைசி நாளில் 80-ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் எழும்பியது. இரண்டு குளிர்காலம். மழை பெய்தால் இந்தக் கரிசல் மண் செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும். இரவில் ஓடுகிற காரிலிருந்து சுடுவார்கள். பிள்ளைகளைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துவிட்டு ஆண்கள் துப்பாக்கியோடு விழித்திருப்பார்கள். அப்போது நாங்கள் யாரும் ஷெரிஃபுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லலாம் என்று தோன்றவே இல்லை. வீட்டில் பாம்பு புகுந்தால் பாம்பையே கூப்பிட்டு முறையிடுவார்களா? ஒரு கவுண்டியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள், ஆபத்தென்றால் சட்டத்தைக் கூப்பிட வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை முடிவாகப் போவது அந்த விஷயம்தான்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் இளைஞர்களுக்காகச் சிலவற்றைத் திரும்பச் சொல்கிறேன். உள்ளூர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1965 மார்ச் பிறந்தபோது இந்தக் கவுண்டியின் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர் பெயர்கூட இல்லை. ஒன்றுகூட. 1960 கணக்கெடுப்பில் இங்கே 15,417 பேர். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு 86 வெள்ளைக் குடும்பங்களிடம். அந்த மார்ச் மாதம் முப்பதுக்கு மேற்பட்டோர் பெயர் பதியக் கவுண்டித் தலைநகரான ஹேன்வில்லுக்குப் போனார்கள். திருப்பி அனுப்பப்பட்டார்கள். மறுபடி போனார்கள். இரண்டாம் முறை பெயர் பதியும் மேசையைப் பழைய சிறைக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். வாக்குரிமை கேட்பவன் சிறைவாசலுக்குள் நுழைந்துதான் கேட்க வேண்டும். அப்படியும் நுழைந்தார்கள். அந்த மாத நடுவில் இரண்டு பேர் பெயர் ஏறியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து முதல் இரண்டு பெயர். ஒருவர் கண் தெரியாத போதகர் ஜே.சி. லாசன். இன்னொருவர் ஜான் ஹியூலெட்.

அந்த ஜான்தான் இப்போது நம் வேட்பாளர்.

1927-இல் இதே கவுண்டியில், கார்டன்ஸ்வில்லில் பிறந்தவர். இளவயதில் பர்மிங்ஹாம் போய் வார்ப்பாலையில் வேலை பார்த்தார். உருகிய இரும்புக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த உடம்பு அது. அங்கே தொழிற்சங்கத்தில் சேர்ந்து பொறுப்புக்கு வந்தார். 1956-இல் அலபாமா அரசு கறுப்பர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யைத் தடை செய்தபோது ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் போதகர் வேறு பெயரில் இயக்கம் தொடங்கினாரே, அந்த மனித உரிமைக்கான அலபாமா கிறிஸ்தவ இயக்கத்தில் ஜானும் இருந்தார். 1959-இல் ஊருக்குத் திரும்பினார். வடக்கே டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் நம்மவர் ரயிலேறிய காலத்தில் ஒருவர் லவுண்ட்ஸுக்குத் திரும்பி வந்தார் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். அவர் பர்மிங்ஹாமிலிருந்து கொண்டுவந்த படிப்பு சங்கப் படிப்பு: கூட்டத்தை எப்படிக் கூட்டுவது, குறிப்பு எப்படி எழுதுவது, கோபமாக இருக்கும் ஆளை எப்படி உட்காரவைத்துப் பேசுவது, முதலாளி முன்னால் குரல் நடுங்காமல் எப்படி நிற்பது.

செல்மாவிலிருந்து மாண்ட்காமரிக்கு வாக்குரிமைப் பேரணி புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 19 அன்று, இங்கே நாம் சொந்தமாக ஓர் இயக்கம் தொடங்கினோம். லவுண்ட்ஸ் கவுண்டி கிறிஸ்தவ மனித உரிமை இயக்கம். தலைவர் ஜான். பேரணி வந்தது, நம் சாலை வழியே நடந்தது, போனது. டாக்டர் கிங் போனார், கேமராக்கள் போயின. அது முடிந்த அன்று இரவே, மார்ச் 25, பேரணிக்கு உதவ வந்த, ஐந்து பிள்ளைகளின் தாயான வயோலா லியூஸோவை இதே 80-ஆம் நெடுஞ்சாலையில் நம் எல்லைக்குள் சுட்டுக் கொன்றார்கள். ஜான் இங்கேதான் இருந்தார். மாணவர் இயக்க அமைப்பாளர்கள் ஸ்டோக்லி கார்மைக்கேலும் பாப் மாண்ட்ஸும் வந்து கதவு கதவாகத் தட்டத் தொடங்கியபோது அவர்களை ஊர்க்காரர் நம்பியதற்குக் காரணம், பக்கத்தில் ஜான் நின்றதுதான்.

அந்த ஆண்டு ஆகஸ்டை நான் மறக்க மாட்டேன். 6-ஆம் தேதி வாக்குரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். நான்கே நாளில் ஃபோர்ட் டெபாசிட்டில் கூட்டரசு அதிகாரிகள் மேசை போட்டார்கள். வெயிலில் வரிசை நின்றது. 14-ஆம் தேதி அதே ஊரில் கடைகளுக்கு முன் மறியல் செய்த இளைஞர்களைப் பிடித்து, குப்பை லாரியில் ஏற்றி, ஹேன்வில் சிறையில் அடைத்தார்கள். 20-ஆம் தேதி திடீரென்று வெளியே விட்டார்கள். தாகம். பக்கத்துக் கடையில் குளிர்பானம் வாங்கப் போனார்கள். வாசலில் டாம் கோல்மேன் துப்பாக்கியோடு நின்றான். பதினேழு வயதுப் பெண்ணைக் குறிபார்த்தான். ஜொனாதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் அவளைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தான் வாங்கிக்கொண்டார். கோல்மேனின் பையில் சிறப்பு டெபுட்டி என்ற தகுதி இருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் வழக்கும் முடிந்தது. பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் உட்கார்ந்த ஜூரி அவனைக் குற்றமற்றவன் என்று அனுப்பிவைத்தது.

அப்படி ஜூரி எடுக்கும் முறையை நம்மூர்ப் பெண்களும் ஆண்களும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்டிருந்தார்கள். 1966 பிப்ரவரியில் வென்றார்கள். கறுப்பரையும் பெண்களையும் ஜூரிப் பட்டியலிலிருந்து ஒதுக்குவது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த டெபுட்டி தகுதி? அதைக் கொடுப்பதற்கும் பிடுங்குவதற்கும் உரிமை யாருக்கு? எந்த நீதிபதிக்கும் இல்லை. ஷெரிஃபுக்கு. இதனால்தான் இந்த நாற்காலியைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

ஷெரிஃப் என்றால் தொப்பியும் நட்சத்திரமும் துப்பாக்கியும் என்று நம் பிள்ளைகள்கூட நினைக்கிறார்கள். 1966-இல் படக்கதைப் புத்தகம் போட்டு வீடு வீடாக விளக்கியது பலருக்கு மறந்திருக்கும். யாரைப் பிடிப்பது, யாரைப் பார்த்தும் பாராமல் விடுவது என்று முடிவு செய்பவர் ஷெரிஃப். டெபுட்டிகளை வைப்பவர் அவர். நீதிமன்றத் தாள் எதுவானாலும் உங்கள் வாசலுக்கு வருவது அவர் ஆள் கையில்தான். வீட்டைக் காலி செய், மாட்டை ஓட்டிக்கொண்டு வா என்ற உத்தரவும் அதில் சேர்த்தி. சிறைச்சாவி அவர் இடுப்பில். சிறையில் இருப்பவனின் சாப்பாட்டுக்கு மாநிலம் கொடுக்கும் காசு அவர் கைக்கு வருகிறது, இந்த மாநிலச் சட்டப்படி மிச்சம் பிடித்தால் அவருக்கே. தட்டில் குறைய விழுந்தால் யார் பையில் கூட விழுகிறது என்று யோசியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. சாவடியில் மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர்களை நியமிப்பது மூன்று பேர்: புரொபேட் நீதிபதி, சர்க்யூட் கோர்ட்டு எழுத்தர், ஷெரிஃப். நம் பட்டியலில் எழுத்தர் பதவிக்கு ஆல்மா மில்லர் நிற்கிறார். அவரும் ஜானும் வென்றால் மூவரில் இருவர் நம்மவர். இனி வரும் தேர்தலில் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்து, முகத்தை ஏறிட்டுப் பார்த்து, "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்கும் ஆள் அந்த மேசையில் இருக்கத் தேவையில்லை. மரண விசாரணை அதிகாரியாக வில்லி எட் மெக்கீ நிற்கிறார். அதைச் சின்னப் பதவி என்று தள்ளாதீர்கள். ஓர் உடல் கிடைத்தால் அது எப்படிச் செத்தது என்று எழுதுகிறவர் அவர். ஷெரிஃப் பதவி காலியானால் அந்த வேலையைப் பார்க்க வேண்டியவரும் அவரே. மூவரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஜான் வென்றால் என்ன செய்வார்? அவர் வாயிலிருந்து வராத வாக்குறுதியை நான் எழுத மாட்டேன். நாம் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

இரவில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால், அது தகரக் கூரை வீடானாலும் தூண் வைத்த மாளிகையானாலும், வண்டி ஒரே வேகத்தில் வர வேண்டும். இதுதான் முதலாவது. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால். டெபுட்டிகள் நம் ஊரைத் தெரிந்தவர்களாக, நம் பிள்ளைகளாக இருக்க வேண்டும். ஆனால் யாருக்கோ சொந்தம் என்பதற்காக ஒருவனுக்கும் நட்சத்திரம் தரக் கூடாது. துப்பாக்கி தூக்கிக்கொண்டு திரிவதற்கு அனுமதியாக வழங்கப்பட்ட சிறப்பு டெபுட்டி தகுதிகள் அத்தனையும் முதல் நாளே ரத்தாக வேண்டும். பிடிபட்டவனை அடிக்கக் கூடாது. கைதியின் சாப்பாட்டுக் காசு கைதியின் தட்டுக்குப் போக வேண்டும், கணக்கு ஊர் பார்க்க வேண்டும். காலி செய்யும் உத்தரவைக் கிழித்துப் போட ஷெரிஃபால் முடியாது, அப்படி நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தாளே இல்லாமல் பண்ணைக்காரர் வாய்வார்த்தைக்காக ஒரு குடும்பத்தின் கட்டிலையும் பெட்டியையும் தெருவில் எறிய வந்தால், நடுவில் நின்று "தாள் எங்கே?" என்று கேட்க அவரால் முடியும். எங்களுக்காக அன்று அப்படி ஒருவர் கேட்டிருந்தால் கூடாரம் தேவைப்பட்டிருக்காது.

பழிவாங்கல் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் இளைஞர்கள் சிலர் கண்ணில் வேறொன்று தெரிகிறது. புரிகிறது. எனக்கும் இரவில் சில முகங்கள் நினைவுக்கு வரும். ஆனால் நமக்கு நடந்ததை நாம் திருப்பி நடத்தினால், வாக்குச்சீட்டை எதற்கு விரித்துக் கற்றுக்கொடுத்தோம்? ஐந்து ஆண்டாக ஜானைப் பார்த்திருக்கிறோம். அடிபட்டு வந்தவனிடமும் அடித்தவனிடமும் ஒரே குரலில் பேசுகிற மனிதர். அவரைத் தேர்ந்தெடுக்க அது ஒன்றே எனக்குப் போதும்.

சிலருக்கு மனக்குறை இருப்பது தெரியும். சிறுத்தை எங்கே போனது என்று கேட்கிறார்கள். நம் சிறுத்தை! ஜனநாயகக் கட்சியின் சேவலுக்கு மேல் 1966-இன் தொடக்கம் வரை "வெள்ளையர் மேலாதிக்கம்" என்றுதான் எழுதியிருந்தது. அதற்கு எதிரில் நாம் கருஞ்சிறுத்தையை நிறுத்தினோம். நாம் நுழையக் கூடாது என்று வேட்பாளர் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 ஆக ஏற்றினார்கள், நாம் அவர்கள் வாசலையே மிதிக்காமல் தனிக் கட்சி கட்டினோம். மே 3 அன்று கோர்ட்டுப் புல்வெளியில் வேட்பாளர் தேர்வு நடத்தினால் பாதுகாப்புத் தர முடியாது என்று அன்றைய ஷெரிஃப் கைவிரித்தார். கொஞ்ச தூரத்திலுள்ள ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் நடத்தினோம். சுமார் 900 பேர் வந்தார்கள். ஓக்லாந்தில் அதே ஆண்டு தொடங்கிய இளைஞர்களின் கட்சி இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. பெயரும் சின்னமும் இங்கிருந்து போனவை. அதை யாரும் நம்மிடமிருந்து எடுக்க முடியாது.

இந்த முறை அலபாமா தேசிய ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து நிற்கிறோம், டாக்டர் ஜான் கேஷின் ஆளுநர் பதவிக்கு ஜார்ஜ் வாலஸை எதிர்த்து நிற்கும் அதே பட்டியலில். சின்னம் கழுகு. தனியாக நின்று தோற்பதில் உள்ள மானம் எனக்கும் தெரியும். ஆனால் கூடாரத்தில் கிடந்தவளுக்கு இன்னொன்றும் தெரியும்: சின்னம் கதவைக் காக்காது. கதவைக் காப்பது நாற்காலியில் யார் என்பது. சிறுத்தைக்குக் கற்றுக்கொண்ட வேலையைக் கழுகுக்குச் செய்வோம்.

"நட்சத்திரம் குத்தியபின் கறுப்பனும் போலீஸ்தானே?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் ஜானிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினால் அந்தத் தோழர் சொன்னதுதான் நடக்கும். மாதந்தோறும் தேவாலயத்தில் கூடுவோம். ஷெரிஃபும் வந்து பெஞ்சில் உட்காரட்டும். சிறைக்கணக்கையும் அடிதடிப் புகாரையும் அங்கேயே கேட்போம். சங்கத்தில் வளர்ந்தவர் அவர், பொதுக்குழுவுக்குப் பதில் சொல்லிப் பழக்கமுள்ளவர்.

நடக்காத காரியம் என்று சொல்பவரிடம் மேக்கன் கவுண்டியைக் காட்டுங்கள். டஸ்கீகியில் லூசியஸ் அமர்சன் 1967 ஜனவரியிலிருந்து ஷெரிஃபாக இருக்கிறார். வானம் இடிந்து விழவில்லை. கிரீன் கவுண்டியைக் காட்டுங்கள். அங்கே 1968-இல் இதே கழுகுக் கட்சியின் வேட்பாளர்களைச் சீட்டிலேயே அச்சிடாமல் விட்டார் புரொபேட் நீதிபதி. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1969 ஜூலையில் மறுதேர்தல் நடந்தது. கவுண்டி கமிஷனில் பெரும்பான்மை கிடைத்தது. 1966-இல் தோற்ற தாமஸ் கில்மோர் இந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே மறுபடி ஷெரிஃப் பதவிக்கு நிற்கிறார். அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள், நாம் அவர்களைப் பார்க்கிறோம். வாக்குரிமைச் சட்டமும் இந்த ஜூனில் இன்னும் ஐந்து ஆண்டுக்கு நீட்டப்பட்டிருக்கிறது. சட்டம் பக்கத்தில் நிற்கும்போதே நாற்காலியைப் பிடிக்க வேண்டும்.

இனி வேலை.

நாளை சனிக்கிழமை: 1966-இல் லாரியில் போனவர்கள் என்று நீங்கள் அறிந்தவர்களின் வீடுகளுக்கு மட்டும் போங்கள். ஏற்கெனவே நம்மோடு இருப்பவர் வீட்டில் காபி குடித்துப் பொழுதைக் கழிக்காதீர்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பண்ணை வீட்டு முன்பக்கம் வண்டியை நிறுத்தாதீர்கள். மாதிரிச் சீட்டை விரித்துக் கழுகைத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் காட்டாதீர்கள். அவர் விரல் தானாகக் கழுகைக் கண்டுபிடிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சாவடியில் யார் உதவியும் கேட்க வேண்டிய நிலைமை அவருக்கு வரக் கூடாது. "உதவி" என்று பக்கத்தில் வந்து நிற்கும் வெள்ளைக் கை எதற்கு வாக்குப் போடும் என்பது 1966-இல் தெரிந்த பாடம்.

ஞாயிறு தேவாலயங்களில் ஜெபம் முடிந்ததும் போதகர்கள் ஐந்து நிமிடம் தர வேண்டும். தர மறுப்பவரிடம் சண்டை வேண்டாம், வாசலில் நின்று பேசுங்கள். அன்று மாலைக்குள் ஒயிட் ஹால், மாஸஸ், கால்ஹூன், ஃபோர்ட் டெபாசிட், லவுண்ட்ஸ்பரோ ஒவ்வொன்றிலும் எத்தனை கார், எத்தனை இருக்கை, யார் ஓட்டுகிறார் என்ற பட்டியல் வர வேண்டும். ஃபோர்ட் டெபாசிட்டுக்குப் போகும் ஓட்டுநர் தனியாகப் போகக் கூடாது. நான்கு ஆண்டுக்கு முன் தேர்தல் நாளில் நம் ஓட்டுநர் ஒருவர் அங்கே அடித்து நொறுக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை.

திங்கள் இரவு யாரும் கூட்டத்துக்கு வர வேண்டாம். வீட்டில் இருங்கள், தூங்குங்கள், வண்டியில் எண்ணெய் பாருங்கள். மழை வந்தால் மண்பாதையில் சக்கரம் இறங்கும், பலகை இரண்டு பின்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

செவ்வாய்: பண்ணை லாரி வருவதற்கு முன்னால் நம் கார் வாசலில் நிற்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும் இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. லாரி வந்து நின்றபின் நீங்கள் போனால், அந்த மனிதரை எல்லார் கண் முன்னாலும் தேர்ந்தெடுக்க வைக்கிறீர்கள். முன்னால் போனால், அவர் ஏற்கெனவே கிளம்பிவிட்டவர். கூட்டிப் போனவரைத் திரும்ப வீட்டில் விடும்வரை அவர் உங்கள் பொறுப்பு. மாலையில் சாவடி மூடியதும் கலைந்து போகாதீர்கள். எண்ணி முடித்து எண்ணிக்கையை எழுதும்வரை ஒவ்வொரு சாவடி வாசலிலும் நம் ஆள் நின்றாக வேண்டும், கம்பளி கொண்டுவாருங்கள்.

அந்தப் பெரியவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அன்றிரவு நான் கிளம்பும்போது அவர் மாதிரிச் சீட்டைத் திருப்பித் தரவில்லை. நாலாக மடித்துச் சுவரில் ஒட்டியிருந்த செய்தித்தாளின் கிழிசலுக்குள் செருகிவைத்தார். நான்காம் தடவையில் அவர் விரல் தடுமாறாமல் கழுகில் போய் நின்றிருந்தது. "லாரி ஆறு மணிக்கு வரும்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு லாரி. அப்படியென்றால் ஐந்தரைக்கு அங்கே ஒரு கார் வேண்டும், விளக்கை அணைத்துவிட்டு, பீக்கன் மரங்களுக்குப் பின்னால். வழி கரடுமுரடு, கடைசி அரை மைல் நடக்க வேண்டியிருக்கும். ஓட்டுநர் இன்னும் கிடைக்கவில்லை. உங்களில் யார் போகிறீர்கள்?